கலையாத படுக்கை

மடிப்பக்காவுக்கு மனிதர்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவர்கள் எழுந்துபோன படுக்கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். ஆளை நேரில் பார்த்துப் பேசி எடைபோடுவதெல்லாம் மற்றவர்கள் வேலை. அவளுக்குக் கதவைத் திறந்து கட்டிலை ஒரு பார்வை பார்த்தால் போதும். புருஷன் பெண்டாட்டிக்குள் மனத்தாங்கலா, வந்த காரியம் நடக்கவில்லையா, ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லையா, எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்துவிடுவாள். அவள் சொன்னது சரிதானா என்று எந்த விருந்தாளியிடமும் போய் யாரும் கேட்டதில்லை. ஆகவே அவள் சொன்னது ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

அந்த ஹோட்டலில் அறைகளைப் பராமரிக்கிற பிரிவுக்கு அவள்தான் தலைவி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. முதலாளி முதல் லிஃப்ட்காரர் வரை எல்லோருக்கும் அவள் மடிப்பக்கா. அவள் விரித்த படுக்கையில் ஒரு சுருக்கம் கண்டுபிடிக்க வேண்டுமானால் பூதக்கண்ணாடி வேண்டும். அக்கா இடது கைக்காரி. எல்லோரும் விரிப்பின் மூலையை ஒரு பக்கமாக மடித்துச் செருகினால் அவளுடைய மடிப்பு மட்டும் எதிர்ப்பக்கம் முகம் காட்டி நிற்கும். அதுதான் அழகு, உலகத்தில் மற்ற எல்லோரும்தான் தலைகீழாகச் செருகுகிறார்கள் என்பது அவள் கட்சி.

அந்த அழகுக்கு ஒரு சோதனைக் காலம் வந்தது. முதலாளிக்கு எங்கிருந்தோ ஒரு யோசனை உதித்து, மேல்மாடி முழுவதையும் பிள்ளை பெற்றவர்களுக்கென்று ஒதுக்கிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வீட்டுக்குப் போய் அடுப்படியில் நிற்காமல், கொஞ்ச நாள் இங்கே தங்கி, தூங்கி எழுந்து, பால் கொடுக்கப் பழகி, உடம்பும் மனசும் தேறிப் போகட்டும் என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், யார் இல்லையென்றது? ஆனால் ஹோட்டல்காரர்கள் ஹோட்டல்காரர்களாகவே இருந்தார்கள். லிஃப்ட்காரர் கண்கூடத் திறக்காத குழந்தைகளுக்கெல்லாம் விறைப்பாக சலாம் வைத்தார். சாப்பாட்டுக்கூடத்து கேப்டன், தையல் வலியில் உட்கார முடியாமல் நெளிகிற பெண்ணிடம் மெனு கார்டை நீட்டி, "முதலில் குளிர்பானம் ஏதாவது…" என்று ஆரம்பித்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அக்காவின் விரிப்புகள் பட்ட பாடோ சொல்லி மாளாது. பால், ரத்தம், மருந்து, குழந்தை கக்கியது என்று ஒவ்வொரு நாளும் ஒரு நிறத்தில் திரும்பி வந்தன. அக்கா மூக்கைச் சுளித்தாள், முணுமுணுத்தாள், ஆனால் ஒரு குறையும் வைக்கவில்லை. புகார் இல்லாத விருந்தாளியே நல்ல விருந்தாளி என்பது ஹோட்டல் தொழிலின் வேதம். மேல்மாடியிலிருந்து ஒரு புகாரும் வராமல் பார்த்துக்கொண்டாள்.

கடைசி அறைக்கு அந்தப் பெண் வந்தபோது, அவள் வேறொரு ஹோட்டலில் ரிசப்ஷனில் நிற்பவள் என்று தெரிந்ததும் அக்காவின் முகம் எட்டு கோணலாகப் போனது.

ரிசப்ஷனுக்கும் அறைப் பிரிவுக்கும் எந்த ஹோட்டலிலும் ஆகாது. "இதோ, அறை தயாராகிவிட்டது" என்று கவுண்டரில் சிரித்துக்கொண்டே சொல்வது அவர்கள். அந்த நேரம் மாடியில் ஒரு கையில் தலையணையும் மறு கையில் துடைப்பமுமாக நாய் படாத பாடு படுவது இவர்கள்.

"சிரிப்பை வச்சே சோறு திங்கற கூட்டம். இனிமே இது இங்க வந்து நமக்கு நொட்டை சொல்லப் போகுது" என்றாள் அக்கா. அன்றைக்கு ஆள் குறைவு. அதனால் கடைசி அறைக் கட்டிலை அவளே கையால் விரித்தாள். ஒரு ரிசப்ஷன்காரி குறை கண்டுபிடித்துவிடக் கூடாது என்ற வைராக்கியத்தில், வழக்கத்தை விடவும் இழுத்து விரித்தாள்.

வந்தவள் நொட்டை சொல்லவில்லை. மறுநாள் அக்கா சுத்தம் செய்யப் போனால், கட்டில் ஏற்கெனவே விரித்துக் கிடந்தது; மூலைகளெல்லாம் கத்தியால் வெட்டினாற்போல. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்று, பளிச்சென்று சிரித்தாள்.

"உங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம், நானே போட்டுட்டேன். எனக்கு இந்த வேலை தெரியும். புது விரிப்பு மட்டும் மேஜைல வச்சுட்டுப் போனீங்கன்னா போதும், பழசைக் கூடையில போட்டுடறேன்."

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு விருந்தாளி, அதுவும் ரிசப்ஷன்காரி, அவளை மேடம் என்கிறாள்! தானே படுக்கை விரிக்கிறாள்! அதுவும் அக்கா விரித்தது மாதிரியே விரிக்கிறாள்! ரிசப்ஷன் கூட்டத்தின் மேல் இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் நின்றாள். அன்றிலிருந்து புது விரிப்பு மேஜையில் வைக்கப்பட்டது, பழையது கூடையில் வந்தது. கீழே வந்ததும் அக்கா தன் ஆட்களைக் கூட்டி வைத்து, "கடைசி ரூம் அம்மா பச்சை உடம்போட ஒரு படுக்கை போடுது பாருங்க, நீங்களும் போடறீங்களே!" என்று தினமும் மானத்தை வாங்கினாள்.

மேல்மாடி நர்ஸம்மாவுக்கு மட்டும் அந்தப் பெண்ணைப் பற்றி ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. நர்ஸம்மா அதிகம் பேசாதவர். அந்தப் பெண் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில், விரிப்புகள் அடுக்கி வைக்கிற அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். கடைசி ரூம் பொண்ணு ராத்திரி தூங்குதா?"

"என்ன நர்ஸம்மா இது கேள்வி? ராத்திரி தூங்காம பரதநாட்டியமா ஆடும்?"

"விளையாடாதீங்க. எது கேட்டாலும் 'நல்லா இருக்கேன்'னுதான் சொல்லுது. வலி இருக்கான்னா இல்ல. பசி இருக்கான்னா ஆச்சு. தூக்கம் வந்துதான்னா நல்லா வந்துது. ஆனா கண்ணைப் பார்த்தா அப்படித் தெரியல. சாயங்காலம் ஆனா கதவுல 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டைய மாட்டிக்குது. ராத்திரி ட்யூட்டி பாக்கறவங்க மணி அடிச்சாதானே போவாங்க? அது அடிக்கறதே இல்ல."

"நல்ல விஷயம்தானே?"

"நாளைக்கு வீட்டுக்குப் போகணும்க்கா. வீட்டுக்காரருக்கு வேலை வெளியூர்ல, வாரத்துக்கு ஒருதரம்தான் வருவாராம். வேற ஆளில்ல. அது நிஜமாவே தூங்கி, தேறியிருந்தா தாராளமாப் போகட்டும். தூக்கமே இல்லாம, மனசுல இருக்கறத யார்கிட்டயும் சொல்லாம, கைக்குழந்தையோட நாலு சுவத்துக்குள்ள தனியா இருந்தா அது எங்க கொண்டுபோய் விடும்னு எனக்குத் தெரியும். ஒருத்தியப் பார்த்திருக்கேன். மதியம் டாக்டரம்மா என்னைக் கேப்பாங்க, அனுப்பலாமான்னு. எனக்கு ஒரு முடிவுக்கு வர முடியல. தினமும் அந்த ரூமுக்குப் போறது நீங்கதான். நீங்க சொல்லுங்க."

இப்படி ஒருவர் வந்து தன்னிடம் கருத்துக் கேட்பதற்காகத்தானே அக்கா பிறந்ததே! நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நர்ஸம்மா, நீங்க கண்ணைப் பார்த்து சொல்றீங்க. நான் கட்டிலைப் பார்த்து சொல்றேன். ரிசப்ஷன்காரங்க கண்ணு எப்பவும் அப்படித்தான், நின்னு நின்னு உள்ள போயிருக்கும். மனசு சரியில்லாத ஆளு படுக்கைய எப்படிப் போடும் தெரியுமா? இழுத்தும் இழுக்காமலும், ஒரு பக்கம் தொங்கும். இந்தப் பொண்ணு மூலை செருகறதைப் பார்த்தா நீங்க கண்ணுல ஒத்திக்குவீங்க. ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கி, காலையில தெம்பா எழுந்திரிச்ச ஆளாலதான் அப்படிப் போட முடியும். நான் சொல்றேன், கண்ணை மூடிக்கிட்டு அனுப்புங்க."

நர்ஸம்மா கொஞ்ச நேரம் நின்றார். "நீங்க சொன்னா சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கொஞ்ச நேரத் தயக்கம்கூட அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

அன்று முற்பகலில் சலவைக்கூடத்துக்கு இறங்கியபோதும் அவள் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அங்கே சலவை அண்ணன் கூடைகளைக் கவிழ்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அக்காவுக்கும் ஒருவரை ஒருவர் வாரிவிடாமல் ஒரு நாள் பொழுது போகாது.

"வாம்மா, மடிப்பு மகாராணி. உன் கடைசி ரூம் செல்லப்பிள்ளையோட விரிப்பு வந்திருக்கு. இதை நான் துவைக்கணுமா, இல்ல மாலை போட்டு மரியாதை பண்ணணுமா?"

"ஏன்ணே, உங்களுக்கு என்ன வந்துது?"

"எனக்கு ஒண்ணும் வரல, விரிப்புலதான் ஒண்ணும் வரல. மத்த ரூம் விரிப்பெல்லாம் பாரு, போர்க்களத்துலருந்து வந்த மாதிரி இருக்கு. இதுல ஒரு பால் சொட்டு உண்டா? ஒரு தலைமுடி உண்டா? கசங்கியிருக்கு, ஆனா ஆள் படுத்துக் கசங்கின மாதிரி இல்ல. கையில சுருட்டி எறிஞ்ச மாதிரி இருக்கு. அது வந்த நாள்லருந்து கேக்கணும்னு இருந்தேன். உன் ஆளு இதுல படுத்துத் தூங்குதா, இல்ல மோந்து பார்த்துட்டுத் திருப்பி அனுப்புதா?"

"சுத்தமான பொண்ணு, அதான். எல்லாரும் உங்களை மாதிரியா?" என்று அக்கா ஒரு வெட்டு வெட்டினாள். வெட்டினாளே தவிர, விரிப்பைக் கையில் வாங்கிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இஸ்திரி போட்ட கோடுகள் அப்படியே இருந்தன. முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனை மட்டும்தான் வந்தது.

அண்ணன் வாயை மூட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடுதான் அவள் மாடி ஏறினாள். வேறு எண்ணம் எதுவும் வரக் கூடாது என்று அவசர அவசரமாக ஏறினாள்.

கடைசி அறையில் ஆள் இல்லை; குழந்தையைக் குளிப்பாட்டக் கற்றுக்கொடுக்கிற வகுப்புக்குப் போயிருந்தாள். அக்கா உள்ளே போய்க் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அப்பழுக்கில்லாமல் இருந்தது. குனிந்து மூலையைப் பார்த்தாள். மடிப்பு எதிர்ப்பக்கம் முகம் காட்டி நின்றது.

முதலில் அவளுக்குப் பெருமைதான் வந்தது, சொன்னால் வெட்கக்கேடு. அட, இவளும் இடது கைக்காரி! அதுதான் இவ்வளவு திருத்தம். பிறகு அந்தப் பெண் கோப்பையைப் பிடிப்பது, பேனாவைப் பிடிப்பது, குழந்தையின் தலையைத் தாங்குவது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எல்லாம் வலது கை.

அக்கா மெத்தையின் ஓரத்தைத் தூக்கி உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். விரிப்பின் நுனி, அன்றைக்கு அவள் வைராக்கியமாக இழுத்து அமுக்கின இடத்திலேயே இருந்தது. தலையணையை எடுத்துப் பார்த்தாள். அதில் ஒரு தலை பட்ட குழிவு இல்லை. ஜன்னலோரம், தொட்டிலை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியிடம் போனாள். அதன் திண்டு புத்தம்புதிது மாதிரி உப்பி இருந்தது. புரட்டினாள். மறுபக்கம் ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்திருந்தது. பகலில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தினமும் காலையில் திருப்பிப் போட்டிருக்கிறாள். தொழில் தெரிந்தவள் அல்லவா!

ஊரையெல்லாம் கூட்டிவைத்து அக்கா புகழ்ந்தது தன்னுடைய மடிப்பையேதான். அந்தப் பெண் வந்த நாளிலிருந்து ஒருநாளும் கட்டிலில் படுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள் என்று சாட்சி சொன்னது யார்? இந்த மகாராணிதான். அவளுக்கு அப்படியே பூமிக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

வாசலில் காலடி கேட்டது. ரிசப்ஷன் பெண் குழந்தையோடு உள்ளே வந்தாள். கையில் புரட்டிய திண்டோடு நிற்கிற அக்காவைப் பார்த்தாள். ஒரு நொடி அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அடுத்த நொடி சிரிப்பு வந்துவிட்டது.

"மேடம், ஏதாவது வேணுமா?"

"இந்த மேடத்தைத் தூக்கிக் குப்பையில போடு. ஏம்மா, நீ எப்ப கடைசியாப் படுத்த?"

"நேத்து நல்லா…"

"என் மடிப்பை எனக்குத் தெரியாதா? நான் அன்னிக்குச் செருகினது அப்படியே இருக்கு. புது விரிப்பைச் சுருட்டிக் கூடையில போட்டு எனக்கே அல்வா குடுத்திருக்க!"

சிரிப்பு இன்னும் இறங்கவில்லை. அதுதான் அக்காவைப் பயமுறுத்தியது. சிரித்த வாய் சிரித்தபடி இருக்க, கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். "தூங்கலன்னு தெரிஞ்சா ராத்திரி குழந்தையத் தூக்கிட்டுப் போய் வேற ரூம்ல வச்சுடுவாங்க. என்னால முடியாது. கண்ணை எடுத்தா அதுக்கு மூச்சு நின்னுடும்னு தோணுது. எடுக்கவே முடியல."

"நர்ஸம்மாகிட்ட சொல்றதுதானே?"

"என்னன்னு சொல்றது? இவ்வளவு பேர் தாங்கு தாங்குன்னு தாங்கறாங்க. கேக்காமலே எல்லாம் வருது. அவரும் நான் நல்லா ஓய்வு எடுக்கணும்னுதான் இங்க கொண்டாந்து விட்டார். இதுக்கு மேலயும் எனக்கு என்ன குறைன்னு வாயைத் திறக்கறது? எல்லாரும் வந்து, சந்தோஷமா இருக்கீங்களான்னு கேக்கறாங்க. ரொம்ப சந்தோஷம்னு சொல்றேன். கவுண்டர்ல நிக்கற மாதிரியே இருக்கு."

அவள் குழந்தையைப் பார்த்தாள். குரல் அடியோடு இறங்கிவிட்டது.

"அக்கா, எனக்கு இதும்மேல இன்னும் பாசமே வரல. என் குழந்தைதான்னு தெரியுது. ஆனா யாரோ பெட்டிய என்கிட்ட விட்டுட்டு, 'பார்த்துக்கங்க, வந்து வாங்கிக்கறேன்'னு போயிட்ட மாதிரி இருக்கு. அவங்க வர்ற வரைக்கும் ஒண்ணும் ஆகாம காப்பாத்தணும். அது மட்டும்தான் இருக்கு. நான் என்ன ஜென்மம்?"

அக்காவுக்குத் தெரிந்தது கட்டில் ஒன்றுதான். கையிலிருந்த திண்டை விட்டெறிந்துவிட்டுக் கட்டிலுக்குப் போனாள். மேல்விரிப்பைப் பிடித்து இரண்டு கையாலும் ஒரே இழுப்பாக இழுத்துக் கீழே தள்ளினாள். மூலை பிய்த்துக்கொண்டு வந்தது. தலையணைகளைக் குத்திக் கலைத்தாள். இத்தனை வருஷத் தொழிலில் தான் விரித்த படுக்கையைத் தானே நாசம் செய்தது அதுதான் முதல் தடவை.

"பாசம் வர்றப்ப வரட்டும். அது என்ன ரயிலா, நேரத்துக்கு வந்து நிக்க? எனக்கெல்லாம் என் மூத்தவன் ஒருநாள் என்னைப் பார்த்து முறைச்சான் பாரு, அப்பதான் 'அடப்பாவி, நீ நம்ம ஆளுதானா'ன்னு இருந்துது. அதுவரைக்கும் ஏதோ கத்துற மூட்டைன்னுதான் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். உனக்கு இப்ப தூக்கம் வரட்டும். படு."

"குழந்தை…"

"இந்த ரூம்லயேதான் இருக்கும், உன் கண்ணு முன்னால. நீ பார்த்த அதே பார்வைய நான் பார்க்கறேன். ஒரு சுருக்கம் விழாம பார்த்தே பழகின கண்ணு இது. ஒரு மூச்சு தப்பாது. ஆனா ஒண்ணு, நர்ஸம்மாவைக் கூப்பிடுவேன். அதை மறைக்க மாட்டேன். கோவிச்சுக்கறதுன்னா கோவிச்சுக்க."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. குழந்தையை நீட்டினாள்.

நர்ஸம்மா வந்தார். அக்கா, தான் சொன்ன சாட்சியின் லட்சணத்தைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். நன்றாக நாலு வார்த்தை திட்டுவார் என்று தலையைக் குனிந்து காத்திருந்தாள். நர்ஸம்மா திட்டவில்லை; அதுதான் இன்னும் சுருக்கென்று தைத்தது. அவர் கட்டிலில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சொன்னதையெல்லாம் மறுபடி ஒருதரம் நிதானமாகக் கேட்டார்.

"உங்களுக்கு வந்திருக்கறது நிறைய பேருக்கு வர்றதும்மா. உங்க தப்பு இல்ல. இதுக்கு வைத்தியம் இருக்கு, சரியாயிடும். நாளைக்கு நீங்க எங்கயும் போக வேண்டாம்."

பிறகு வராந்தாவுக்குப் போய் டாக்டரம்மாவிடம் போனில் பேசினார். சாயங்காலம் தானே வந்து பார்ப்பதாக டாக்டரம்மா சொன்னார்.

அந்தப் பெண் படுத்தாள். படுத்ததும் தூங்கிவிடவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தையின் வயிறு ஏறும்போதெல்லாம் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். ஏறியது, தூக்கினாள். இறங்கியது, இறக்கினாள். வெளியே அவளைக் காணாமல் ஆட்கள் தேடினார்கள், இடுப்பில் இருந்த வாக்கி டாக்கி கத்தியது. அதன் கழுத்தை நெரித்தாள். விரலைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். எப்போது என்று தெரியாது, ஒருமுறை விரலைத் தூக்கியபோது அதைப் பார்க்க அங்கே கண் திறந்திருக்கவில்லை. அக்கா விரலை நிறுத்தவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று காட்டிக்கொண்டே இருந்தாள்.

பிற்பகலில் வீட்டுக்காரர் வந்தார். மறுநாள் அழைத்துப் போகலாம் என்று ஊரிலிருந்து வந்தவர், வாசலிலேயே பையோடு நின்றுவிட்டார். ஒல்லியான மனுஷன். கலைந்து கிடக்கிற கட்டிலையும், வாயைத் திறந்துகொண்டு கோணல்மாணலாகத் தூங்குகிற மனைவியையும் பார்த்தார்.

"போன்ல தினமும் நல்லா தூங்கறேன்னுதானே சொன்னா…" என்று கிசுகிசுத்தார்.

வாரத்துக்கு ஒருதரம் வந்து எட்டிப் பார்க்கிற புருஷர்களைப் பற்றி அக்காவிடம் ஒரு கூடை வசவு எப்போதும் தயாராக இருக்கும். வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள்.

"எங்களுக்கும் அப்படித்தான் சொன்னா தம்பி. நாங்க தினமும் பார்த்தே ஏமாந்தோம், நீங்க எம்மாத்திரம்? போய்க் கையைக் கழுவிட்டு வந்து இதை வாங்கிக்கங்க. கண்ணை எடுக்கக் கூடாது. நான் அவகிட்ட வாக்கு குடுத்திருக்கேன்."

அவர் வாங்கிக்கொண்டார். குழந்தை அவர் சட்டையிலேயே பால் கக்கியது. அவர் துடைக்கவில்லை. இரண்டு பேருமாக உட்கார்ந்து அந்தச் சின்ன வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸம்மா நடுவில் வந்து, குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலம் டாக்டரம்மா வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். "எழுப்பாதீங்க. நான் காத்திருக்கேன்" என்று வராந்தாவிலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

இதற்குள் அக்காவுக்கு வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. கண் விழித்ததும் அந்தப் பெண் பதறிக்கொண்டு முதலில் கேட்கப் போவது என்ன? எங்கே என் குழந்தை என்றுதான் கேட்பாள். கேட்ட அதே நொடியில் காட்டிவிட வேண்டும், ஒரு கணம்கூட அவளைத் தவிக்கவிடக் கூடாது. குழந்தைக்கு முகம் துடைத்து, புதுத் துணி சுற்றி, வீட்டுக்காரரைக் கட்டிலின் தலைமாட்டில், விழித்தால் நேரே தெரிகிற இடத்தில் நிற்கவைத்தாள். "கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க. மூஞ்சி தெரியணும். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று போட்டோ பிடிக்கிறவர் மாதிரி படுத்தியெடுத்தாள். "இதோ கண்ணு, மூச்செல்லாம் சரியா இருக்கு" என்று சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அவள் புரண்டாள். முனகினாள். கண்ணைத் திறந்தாள். எதிரே புருஷன், குழந்தை, அக்கா, அவர்களுக்குப் பின்னால் நர்ஸம்மா. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சிரிக்கவில்லை. வந்த நாளிலிருந்து அந்த அறையில் ஒரு மனுஷரைப் பார்த்து அவள் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"பசிக்குது" என்றாள்.

வீட்டுக்காரர் குழந்தையை முன்னால் நீட்டினார். "இதோ பாரு, குட்டி நல்லா…"

"இருக்கட்டும்ங்க. நீங்களே வச்சிருங்க. எனக்குப் பசிக்குது."

அக்கா ஓவென்று அழுதுவிட்டாள். சொல்ல வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. பெரிய பிரிவுத் தலைவி, பத்துப் பேரை மேய்க்கிறவள், முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நர்ஸம்மா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது.

"இதோ, இதோ கொண்டு வர்றேன்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு அக்கா வாசலுக்கு ஓடினாள்.

"சூடா வேணும்" என்றது பின்னாலிருந்து அந்தக் குரல், கரகரவென்று, தூக்கம் கலையாமல். "ஆறிப்போனதெல்லாம் கொண்டு வராதீங்க."